தெளிவற்றது, தள்ளிவிடு

அரவேணுவில் ஏறினால் கோத்தகிரி கடைசி நிறுத்தம்.
அங்கிருந்து ஏற்றம், பழைய தேயிலைக் கிடங்கு.
கீழே இன்னும் தூள் வாசம்.
மாடியில் நாற்பத்திரண்டு திரைகள்.
ஜன்னலோரம் பதினேழாவது என்னுடையது.

ஏதோ ஒரு பள்ளத்தாக்கில்
ஆளில்லாமல் ஓடப் பழகுகிறது ஒரு கார்.
அது எடுத்து அனுப்பும் படங்களில்
மனிதரைச் சுற்றி மஞ்சள் கட்டம் வரைய வேண்டும்,
வண்டிக்கு நீலம், நாய்க்குப் பச்சை.
கட்டத்துக்கு முப்பது பைசா.
ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும்
திரும்பி வந்துவிடும்.

பள்ளத்தாக்கின் பெயரை ஒப்பந்தம் சொல்லவில்லை.
ஆனால் தெருக்கள் எனக்கு அத்துப்படி.
சில்லு செய்கிற கம்பெனி,
அதன் மதிலை ஒட்டி, தேடித் தருகிற கம்பெனி,
எதிர்ச்சாரியில்
என்ன விற்கிறார்களென்று பெயரை வைத்துக்
கண்டுபிடிக்க முடியாத நான்கைந்து.
சந்தையில் பூண்டுக்கடைகளெல்லாம்
ஒரே வரிசையில் இருக்குமே, அப்படி.
பக்கத்துக் கடை விலையை எட்டிப் பார்க்கலாம்,
பக்கத்துக் கடைப் பையனை இழுத்துக்கொள்ளலாம்.

மார்ச்சில் ஆரஞ்சுப் பலகை வைத்திருந்த கட்டடம்
ஜூனில் பெயரில்லாமல் நின்றது.
ஆகஸ்ட்டில் வேறு பெயர், வேறு ஆரஞ்சு.
புல் வெட்டுகிறவர் மட்டும் அதே தொப்பி.
அவருக்கு நான் இதுவரை
நானூறு கட்டமாவது போட்டிருப்பேன்.

மதிலோரம் வரிசையாகத் திரை போட்ட வேன்கள்.
காலையில் ஒருவர் இறங்கிப் பல் துலக்குவார்.
"அவ்வளவு பெரிய ஊர்ல வீட்டுக்கா பஞ்சம்?"
தவமலர் கேட்டாள்.
லைன் வீட்டில் பிறந்தவள்,
ஏழு பேருக்கு ஒரு அறை.
வேனுக்கு நீலம் போட்டோம்.
உள்ளே தூங்குகிறவருக்கு நிறம் கிடையாது.

புதன்கிழமைக் கட்டில் பனி.
இருநூறு படங்கள்,
ஈரச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் படமெடுத்தாற்போல்.
விதிப்புத்தகம் பக்கம் முப்பத்தொன்று:
தெளிவற்றது, தள்ளிவிடு.
எல்லோரும் தள்ளினார்கள்.
டீயும் வர்க்கியும் வந்தன.
எனக்கு மட்டும் கை வரவில்லை.

எங்கள் வளைவில் இப்படித்தான்,
காட்டெருமை நிற்கும் இடத்தில்
வெள்ளை கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.
டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்,
ஏன் என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்பதில்லை.
பத்து நிமிடத்தில் அந்தக் கெட்டி
தானாக நகர்ந்து தேயிலைக்குள் இறங்கும்.

எண்பத்தெட்டாம் படத்தில் அப்படியொரு கெட்டி.
மஞ்சளை எடுத்தேன்.

டீம் லீட் போஜன் குனிந்து பார்த்தார்.
"என்ன இருக்கு இதுல?"
"ஆள்."
"எங்க?"
விரல் வைத்துக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
அவரும் பனிக்குள் பள்ளிக்கூடம் போனவர்தான்.
"இருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா போடாதே."

போட்டேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.
'இங்கே எதுவும் இல்லை.'
அந்தப் பூண்டு வரிசையில் எங்கோ உட்கார்ந்து
முற்றுப்புள்ளி வைத்து ஒருவர் எழுதியிருந்தார்.
துல்லியம் தொண்ணூற்றெட்டிலிருந்து தொண்ணூற்றேழு.
போனஸ் போயிற்று, தவமலர் பாதி வர்க்கி தந்தாள்.

ஆனால் எண்பத்தொன்பதில் கார் ஓரடி முன்னால்.
தொண்ணூறில் படம் முழுக்கத்
தலை குப்புறக் குனிந்திருக்கிறது.
ஆளில்லாக் காருக்குள்ளும்
சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு கால்
பிரேக்கை மிதித்திருக்க வேண்டும்.
ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்,
அது பக்கம் ஆறு.

திங்களன்று அதே தெரு, நல்ல வெயில்.
புல் வெட்டுகிறவரைக் காணோம்.
லீவாக இருக்கலாம்.
நடைபாதை விளிம்பில் ஒரு நீலப் பிளாஸ்க்,
மூடி இல்லாமல், சாய்ந்து.
பொருள், சிறியது, சாம்பல் நிறம்.
முப்பது பைசா.
விளிம்பு பிசகாமல்
நெருக்கி வரைந்தேன்.